தீவுகளுக்குப் படகில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, போகிற படகு எத்தனை மணிக்கு என்று. கேட்க வேண்டியது, திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று தெரியும். படகு நேரங்கள் பருவத்தோடும் காற்றோடும் மாறும். இணையத்தில் கிடக்கும் பழைய அட்டவணையை நம்பாமல் முதல்நாள் துறையிலோ ஊரவரிடமோ கேளுங்கள்.

நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. இரண்டுக்கும் படகு ஏறுவது புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில்தான். ஆனால் நயினாதீவுக்குக் கால் மணித்தியாலமளவு ஓட்டம், நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். யாழ் நகரிலிருந்து குறிகட்டுவானுக்கே பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நெடுந்தீவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

காற்றைக் கேட்காமல் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கே இருப்பதால், போகும்போது காற்றும் அலையும் நேர் முகத்தில் வரும். முன்பக்கம் இருப்பவர் நனைவார், தலைசுற்றுகிறவருக்கு அங்கே வாந்தியும் வரும். நடுவிலோ பின்னாலோ இருங்கள். திரும்பும்போது அலை பின்னாலிருந்து தள்ளுவதால் படகு உருளும். மத்தியானத்துக்குப் பிறகு காற்று கூடும் என்பதால் காலைக் கடலை வைத்துப் பின்னேரத்தைக் கணிக்க முடியாது. கடல் பொல்லாதென்றால் சேவையே நின்றுவிடும். வாடை என்ற வடகிழக்குக் காற்றின் காலத்தில் மழையும் சேரும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். நயினாதீவுப் படகுகளில் கீழ்த்தட்டில் நெருக்கி ஏற்றுவார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். உயிர்காப்பு அங்கியை மடியில் வைக்காமல் போட்டுக் கட்டுங்கள்.

நெடுந்தீவில் இறங்கியதும் துறைக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் பார்ப்பது பெரும்பாலானோர் வழக்கம். இதை மாற்றுங்கள். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், நடந்து தீராது. துறையிலேயே ஓட்டோ பேசி, எந்தெந்த இடம், எத்தனை மணித்தியாலம், என்ன காசு என்று ஏறும்முன் முடிவெடுங்கள். தூரத்தில் இருக்கும், காட்டுக் குதிரைகள் மேயும் வெளியையும் வெடியரசன் கோட்டையையும் முதலில் முடித்துவிட்டு, ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறா வளர்த்த பழைய கட்டடமான புறாக்கூடு, பெருக்கு (பாவோபாப்) மரம் என்று துறையை நோக்கித் திரும்பி வாருங்கள். நேரம் போதாவிட்டால் விடுபடுவது துறைக்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்றாகவே இருக்கும், படகும் தவறாது. கோட்டைச் சுவர்கள் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும். உப்புக்காற்றில் சாந்து உதிர்ந்து கற்கள் ஆடுகின்றன, படத்துக்காக ஏறாதீர்கள். காணிகளைச் சுற்றி அடுக்கிய கல்மதில்களுக்குச் சாந்தே கிடையாது, ஒரு கல்லை உருவினால் பக்கத்துக் கல்லும் சரியும். குதிரைகளுக்குக் கிட்டப் போய்ச் சாப்பாடு நீட்டுவதும் வேண்டாம்.

நிழல் குறைவு, கிணறுகள் பலவற்றில் உவர். ஆளுக்கு இரண்டு லீற்றராவது தண்ணீர் கொண்டுபோங்கள்.

நயினாதீவில் அவசரப்படுகிறவர்கள் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டதும் திரும்பிவிடுகிறார்கள். கோயிலில் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அது சொல்வது இது: யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்து கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கப்பலென்றால் சரிபாதி. ஊராத்துறையின் (இன்றைய ஊர்காவற்றுறை) கப்பல் வரத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். நடை சாத்தும் நேரத்தையும் கேட்டுவைத்துக்கொண்டால் வெளியில் காத்திருக்க வேண்டியதில்லை. தீவில் உள்ள நாகதீப பௌத்த விகாரையில் தொப்பியும் செருப்பும் கழற்றுங்கள், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். கோயிலுக்கும் விகாரைக்கும் தனித்தனி இறங்குதுறை உண்டு, திரும்பும் படகு எதிலிருந்து புறப்படும் என்று இறங்கும்போதே கேளுங்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நிற்கும் கடற்கோட்டைக்குக் கிடைத்த மீன்பிடி வள்ளத்தைப் பேசிப் போவது வேண்டாத வேலை. அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது, காரைநகர்ப் பக்கம் முன்கூட்டியே ஒழுங்குசெய்துதான் இறங்கலாம். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயர் குடிநீர் இல்லாமல் சரணடைந்த இடம் இது. வெளியிலிருந்து பார்த்தால் போதுமென்பவருக்கு ஊர்காவற்றுறைக் கரையே போதும்.

களப்பில் (கடலேரியில்) தனிப் படகு எடுப்பவர்கள் தண்ணீரின் பரப்பைப் பார்த்து ஆழத்தை நினைத்துவிடுகிறார்கள். பல இடங்களில் இடுப்பளவுதான். வற்று நேரத்தில் மோட்டரின் காற்றாடி (சுழலி) சேற்றில் முட்டும், சாதாழை என்ற கடற்புல் சுற்றிக்கொள்ளும். மோட்டர் சூடாவதை அறிய, பின்பக்கத்தால் தண்ணீர் பீச்சுகிறதா என்று ஓட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பீச்சு நின்றால் உடனே நிறுத்தி, மோட்டரைத் தூக்கித் தாழையை எடுக்க வேண்டும். மீன்பிடிக்க நட்டிருக்கும் களங்கண்டி, சிறகுவலைத் தடிகளுக்கு நடுவே குறுக்குவழி கேட்காதீர்கள். வலை அறுந்தால் அது ஒருவரின் அன்றைய உழைப்பு, உங்கள் படகும் அங்கேயே நிற்கும். பொழுதுபடுமுன் கரைசேரும்படி ஓட்டியோடு பேசிவைத்துப் புறப்படுங்கள், அந்தத் தடிகள் இருட்டில் தெரியாது.