சொட்டு மருந்துப் பணியாளருக்கு மொபைலில் கூலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க நாடுகளில் போலியோ சொட்டு மருந்து முகாம் மூன்று, நான்கு நாள் நடக்கும். அந்த நாட்களில் பணியாளர் ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, விரலில் மை வைத்து, கதவில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். முகாம் முடிந்ததும் அறிக்கை மேலே போய்விடுகிறது. அவருடைய கூலிதான் வந்து சேருவதில்லை.

2020 ஆகஸ்டில் உலக சுகாதார அமைப்பின் ஆப்பிரிக்கப் பிராந்தியம் இயற்கைப் போலியோ கிருமியிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. ஆனாலும் தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய கிருமி பரவுவதால் அங்கே பல நாடுகளில் முகாம்கள் தொடர்கின்றன. கூலியை நோட்டாக மூட்டை கட்டி அனுப்பிய காலத்தில், கை மாற மாறப் பணம் கரைந்தது. அதனால் பல நாடுகள் மொபைல் பணத்துக்கு மாறின. அதாவது மொபைல் எண்ணே கணக்கு, அதில் விழும் பணத்தை முகவர் கடையில் நோட்டாக எடுத்துக்கொள்ளலாம். கென்யாவில் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை 2007இலேயே வந்துவிட்டதால், கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமத்தாருக்கு இது புதிதும் அல்ல. மாறியது நல்லதுதான். ஆனால் பட்டனை அமுக்கினால் பணம் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, எண்களைக் கடைசி நேரத்தில் வாங்குவது. பயிற்சி நடக்கும் பள்ளிக்கூட அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கைமாறிக்கொண்டே போகும். ஆளாளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுவார்கள். 1 எது, 7 எது என்று பிறகு தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது. ஓர் இலக்கம் மாறினால் பணம் முன்பின் தெரியாதவருக்குப் போய்விடும், அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. எண் சரியாக இருந்தாலும் பெயர் இடிக்கும். கானாவில் பலருக்குப் பிறந்த கிழமையை வைத்து ஒரு பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் என்றால் கோஃபி. ஊர் முழுக்க கோஃபி என்று கூப்பிடும், அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கலாம். வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று இருக்கும் நமக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம். வழி எளிது. முகாமுக்கு முன்பே ஒவ்வொரு எண்ணையும் மொபைல் பண நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டு, இடிக்கிற பெயர்களை ஆள் எதிரில் இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும்.

அந்த எண் யாருடையது என்று கேட்காமல் விடுவது இதைவிட மோசம். வீடு வீடாகப் போகும் பணியாளர்களில் பெண்கள் நிறையப் பேர். சிம் கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் பணம் அந்தக் கைக்குத்தான் போகும், இவர் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வெயிலில் நடந்தது இவர், கேட்டு நிற்பதும் இவரா? பயிற்சி நாளிலேயே நிறுவன ஆளை வரவழைத்து, அவரவர் பெயரில் சிம்மும் கணக்கும் திறந்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அட்டையே இல்லாதவருக்கு வேறொருவர் எண்ணைப் போடலாம், ஆனால் அந்தப் பணியாளர் எழுத்தில் சம்மதம் தந்த பிறகுதான்.

அப்புறம், எடுக்கும் செலவு. முகவரிடம் போய்ப் பணமாக எடுக்கக் கட்டணம் உண்டு. சில நாடுகளில் அதற்கு மேல் வரியும் உண்டு. உகாண்டா 2018 ஜூலையில் மொபைல் பணத்துக்கு 1 சதவீத வரி போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டில் எடுக்கும் பணத்துக்கு மட்டும் 0.5 சதவீதம் என்று குறைத்தது. கணக்குப் போடுபவர்களுக்கு இது சில்லறையாகத் தெரியும். நாள் கூலிக்காரருக்கு அப்படி இல்லை. சொன்ன தொகை முழுசாகக் கையில் வரும்படி, கட்டணத்தையும் சேர்த்து அனுப்புவதுதான் நியாயம்.

முகவர் கையில் காசு இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் யாருமே யோசிப்பதில்லை. சந்தை ஓரம் சின்னக் கடை, உள்ளே ஒரே முகவர். ஒரு வட்டாரத்துக்கே ஒரே நாளில் கூலி விழுந்தால், வரிசையில் முதலில் நின்ற சிலரோடு அவர் கல்லா காலியாகிவிடும். மற்றவர்களுக்கு "நாளைக்கு வாங்க"தான். தொலைவிலிருந்து வண்டி பிடித்து வந்தவருக்கு அந்த ஒரு வார்த்தையில் கூலியில் ஒரு பங்கு போய்விடுகிறது. எந்த ஊரில் எத்தனை பேருக்குப் பணம் போகப்போகிறது என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, வட்டாரம் வட்டாரமாக நாள் பிரித்து அனுப்ப வேண்டும். ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதும் ஆபத்து, அதன் டவர் எட்டாத ஊர்கள் இருக்கும்.

சரி, இதெல்லாம் செய்தும் ஏன் தாமதம்? வருகைப் பட்டியல் ஏதோ ஒரு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருப்பதால்தான். பணம் போக ஒரு நொடி போதும், பட்டியல் நகர வாரங்கள் ஆகின்றன. கூலி தாமதமானால் என்ன ஆகும் என்பதை எபோலா நோய் பரவிய காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன் பார்த்தது. 2014 நவம்பரில் கெனெமா நகரில், வர வேண்டிய ஆபத்துப்படி வராததால் அடக்கப் பணியாளர்கள் உடல்களை மருத்துவமனை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். பின்னர் அந்த நாடு எபோலா பணியாளர்களுக்கு மொபைல் வழியே கொடுக்கத் தொடங்கியபோது, ஒரு மாதத்துக்கும் மேலாக இழுத்த பட்டுவாடா ஒரு வாரத்துக்குள் வந்தது. ஒரு கோடி டாலருக்கும் மேல் மிச்சமானதாக மதிப்பிட்டார்கள். அதற்குக் காரணம் மொபைல் மட்டும் இல்லை. யார் யார் வேலை செய்கிறார்கள் என்று ஒரே சுத்தமான பட்டியல் தயாரித்து, இரட்டைப் பெயர்களை நீக்கியதுதான் அடிப்படை. வருகையை அன்றன்றைக்கே பதிந்து, முகாம் முடியும் நாளில் பட்டியலும் முடிந்திருக்க வேண்டும்.

பணியாளரிடம் பேசாமல் இருப்பதும் தவறுதான். எவ்வளவு வரும், எந்தத் தேதியில், எந்தப் பெயரிலிருந்து குறுஞ்செய்தி வரும் என்பதை அவர் மொழியில் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "உங்கள் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைக்கும் மோசடிக்காரன் முந்திக்கொள்வான்.

சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் வெளிர் சதுரம். சூடு பட்டால் சதுரம் கருத்து, மருந்து கெட்டதைக் காட்டிக்கொடுக்கும். பணத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. "வெற்றிகரமாக அனுப்பப்பட்டது" என்று கணினி சொல்வது, பணம் கிளம்பியதற்கு மட்டுமே சாட்சி. அதனால் அடுத்த சுற்று தொடங்கும் முன் வட்டாரத்துக்குப் பத்துப் பேரையாவது அழைத்து, "வந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "கையில் எவ்வளவு எடுத்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.