விசா தேவையில்லாத பயணமா? டிக்கெட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் வீட்டில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். "அந்த நாட்டுக்கு விசா வேண்டியதில்லையே" என்று யாராவது ஒருவர் சொன்னதும் டிக்கெட் வாங்கியாகிவிடும். விசா கேட்காத நாடும் தனக்கென்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று குறைந்தாலும் சாங்கி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். முதன்முறையாகச் சொந்தமாகப் பயணம் திட்டமிடுபவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே சரிபார்த்துக்கொண்டு போனால் போதும்.

படி 1: ஒவ்வொருவரின் கடப்பிதழையும் தனித்தனியாகப் பாருங்கள்

இதுதான் முதல் வேலை, மிக முக்கியமான வேலையும்கூட. நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் இரு நாட்டுக் கடப்பிதழ்கள் இருப்பது சாதாரணம். கணவர் சிங்கப்பூர்க் குடிமகன்; மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி; ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரிடமும் இந்தியக் கடப்பிதழ்தான் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானுக்குக் கணவர் விசா இல்லாமல் 90 நாள் வரை போய்த் தங்கலாம். மற்ற இருவருக்கும் விசா வேண்டும். நிரந்தரவாசி அடையாள அட்டை அங்கே விசாவுக்கு ஈடாகாது.

திருச்சிக்குக் கிளம்பினால் நிலைமை தலைகீழ். மனைவியும் மாமியாரும் அப்படியே போகலாம். கணவர்தான் ஈ-விசா எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் மட்டுமே அவருக்கு அது தேவையில்லை. தாத்தா பாட்டி ஊர்தானே என்ற எண்ணத்தில் சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள பிள்ளைகளுக்கு விசா எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தைக்கும் வேண்டும்.

ஆகவே ஒரு தாளில் பயணிகளின் பெயர்களை எழுதி, எதிரே கடப்பிதழ் எந்த நாட்டுடையது, எப்போது காலாவதியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, போகும் நாட்டின் குடிநுழைவுத் துறை அல்லது தூதரக இணையத்தளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். நண்பர் போன வருடம் போய்வந்தது உங்களுக்குச் சான்று அல்ல. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சிங்கப்பூரர்கள் சீனாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்ற இருதரப்பு ஏற்பாடே 2024 பிப்ரவரி 9 அன்றுதான் நடப்புக்கு வந்தது.

படி 2: காலாவதித் தேதி

பல நாடுகள் கடப்பிதழில் குறைந்தது 6 மாதம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கி, ஒரே நுழைவு விதியைப் பின்பற்றும் நாடுகள்), நீங்கள் அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கடப்பிதழைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். 2021 அக்டோபர் முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 10 ஆண்டுக் கடப்பிதழ் கிடைக்கிறது. 16 வயதுக்குக் கீழ் இன்னமும் 5 ஆண்டுதான். அப்பா, அம்மாவுடையது நன்றாக இருக்கும்போதே பிள்ளையுடையது முடிந்திருக்கும்.

புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடியுங்கள், அடுத்த படிக்குப் பிறகு போங்கள். காரணம் இருக்கிறது.

படி 3: விசா இல்லை, ஆனால் முன் அனுமதி உண்டா?

பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களிடம் மின்னிலக்கப் பயண அனுமதி கேட்கின்றன. பிரிட்டன் 2025 ஜனவரி 8 முதல் இதைக் கட்டாயமாக்கியது. முதலில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் அதே ஆண்டு ஏப்ரலில் 16 பவுண்டானது. விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி 2 ஆண்டுகளுக்குச் செல்லும், கடப்பிதழ் அதற்கு முன்பே காலாவதியானால் அதுவும் முடிந்துவிடும். அது கடப்பிதழ் எண்ணோடு பிணைந்திருக்கிறது. அனுமதி வாங்கிய பிறகு கடப்பிதழை மாற்றினால் மறுபடியும் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அதனால்தான் புதுப்பிக்கும் வேலையை முதலில் முடிக்கச் சொன்னேன்.

அமெரிக்காவின் அனுமதி, அங்கே விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் தேவை. விமான நிலையத்தை விட்டு வெளியே வரப்போவதில்லை என்றாலும் விலக்கில்லை.

படிவம் நிரப்பும்போது நம் பெயர்கள் கொஞ்சம் வேலை வைக்கும். பெயருக்கு நடுவே 'எஸ்/ஓ', 'டி/ஓ' உள்ளவர்கள் அந்தச் சாய்கோட்டைத் தட்டினால் பல படிவங்கள் ஏற்பதில்லை. கடப்பிதழில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று 2 வரிகள் இருக்கும். அவற்றில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அம்புமுனை போன்ற ஒரு குறி, இவற்றைத் தவிர வேறெதுவும் வராது. உங்கள் பெயர் அங்கே எப்படிப் பிரிந்து நிற்கிறது என்று பாருங்கள். சாய்கோடு ஏற்கப்படாத இடத்தில் அதற்கேற்ப இடைவெளி விட்டு எழுதலாம். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்கு அந்தந்தப் படிவத்திலேயே குறிப்பு இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். கடப்பிதழ் எண்ணில் பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடாதீர்கள். தவறான எண்ணுக்குக் கிடைத்த அனுமதி உங்கள் கடப்பிதழுக்குச் செல்லாது.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது அரசாங்கத் தளமாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். இடைத்தரகர்கள் அரசுத் தளத்தின் சாயலிலேயே பக்கம் வைத்து, பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே கடன் அட்டையை வெளியே எடுங்கள்.

படி 4: வருகை அட்டை

தாய்லாந்து 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் மின்னிலக்க வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் பக்கம் போலி. மலேசியாவிலும் 2024 ஜனவரி முதல் இதே போன்ற அட்டை உண்டு. சிங்கப்பூரர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது, சிங்கப்பூரில் வசிக்கும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்களுக்கு இல்லை. உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஜொகூரில் சாப்பிட்டுவிட்டு வருவதற்கும் இது பொருந்தும்.

படி 5: நாள் கணக்கு

பெரும்பாலான நாடுகளில் இது எளிது. ஷெங்கன் நாடுகளில் மட்டும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும்: எந்த 180 நாள்களை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும்.

ஜெர்மனியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறீர்கள். ஏப்ரல் முழுவதும் 30 நாள், ஜூன் முழுவதும் 30 நாள் இருந்தாயிற்று. ஆகஸ்ட் 1 அன்று திரும்பவும் போனால் மீதம் 30 நாள், ஆகஸ்ட் 30-க்குள் வெளியேற வேண்டும். அதன் பிறகு எப்போது நுழையலாம்? ஏப்ரல் 1 கணக்கிலிருந்து உதிரும் நாளான செப்டம்பர் 28 முதல்தான். நடுவில் பிரான்சுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போனாலும் அவையும் ஷெங்கன் என்பதால் கணக்கு தொடர்ந்து ஓடும். பிரிட்டனும் அயர்லாந்தும் சேராது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கட்டங்கட்டமாக முத்திரைக்குப் பதில் விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: அதிகாரியின் முன்னால்

விசா விலக்கு இருந்தாலும் உள்ளே விடுவதா என்பதைக் குடிநுழைவு அதிகாரியே முடிவு செய்கிறார். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் காகிதத்திலும் வைத்திருங்கள். கைப்பேசி மின்கலம் தீர்ந்துபோகும் இடம் பெரும்பாலும் அந்த வரிசைதான். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். உறவினர் கடையில் ஒரு வாரம் உதவி செய்யப் போவதாக நல்லெண்ணத்தில் சொன்னாலும் அது வேலையாகக் கருதப்படலாம். சுற்றுலா நுழைவில் வேலைக்கு இடமில்லை. தாத்தா பாட்டியோ, பெற்றோரில் ஒருவர் மட்டுமோ பிள்ளையை அழைத்துப்போனால், மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருப்பது நல்லது.

நிரந்தரவாசிகள் கிளம்புவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: உங்கள் மறுநுழைவு அனுமதி நீங்கள் திரும்பும் நாள்வரை செல்லுமா? முடியப்போகிறது என்றால் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையச் சேவையில் இங்கிருக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.