அமெச்சூர் ரக்பி லீக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

வட இங்கிலாந்தின் அமெச்சூர் ரக்பி லீக் (அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி வகை) கழகம் ஒன்றின் வரலாற்றை எழுத முன்வருபவர் பெரும்பாலும் கோப்பைகள் அடுக்கிய அலமாரியின் முன்னே போய் நிற்கிறார். அதைவிடப் பொருளாளரின் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குவதே மேல். கோப்பை வென்ற ஆண்டை யாரும் மறப்பதில்லை; பதின்மூன்று பேர் சேராமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்த பருவத்தைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. மைதான வாடகை, பேருந்துச் செலவு, சட்டைகள் வாங்கிய தொகை, கட்டப்படாமல் நின்ற உறுப்பினர் சந்தா ஆகியவற்றை வரிசையாகப் படித்தால், கழகம் எப்போது செழித்தது, எப்போது தள்ளாடியது என்பது தானே புலப்படும். 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற முறை இருந்ததால், அதற்கு முந்தைய தொகைகளை இன்றைய முறைக்கு மாற்றாமல் ஏட்டில் உள்ளபடியே தருவது நல்லது.

அடுத்து, தொடங்கிய ஆண்டு. அதிகச் சண்டை வருவது இங்கேதான். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திய கழகங்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்த தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற தகராறில் அப்போது ரக்பியின் தலைமை அமைப்பாக இருந்த ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து, பின்னாளில் ரக்பி லீக் ஆன வடக்கு யூனியனை அமைத்தன. அந்த ஆண்டின் பெருமையில் பங்கு கேட்க எல்லாக் கழகங்களுக்கும் ஆசை உண்டு. ஆனால் தேவாலயம், மதுக்கூடம், சுரங்கம், தொழிற்சாலை ஆகியவற்றை ஒட்டி எழுந்த அமெச்சூர் அணிகள் பல முறை கலைந்து, பெயர் மாறி, மீண்டும் கூடியவை. ஆகவே பழைய கழகமும் இன்றைய கழகமும் ஒன்றே என்று சொல்ல எது அடிப்படை (பெயரா, மைதானமா, நிர்வாகக் குழுவா, ஆட்டக்காரர்களா) என்பதை முதலில் முடிவுசெய்து, அந்த முடிவை வாசகருக்கும் தெரிவித்துவிட வேண்டும். கையில் கிடைத்த மிகப் பழைய ஆவணம் 1908-ஆம் ஆண்டினது என்றால், "1908-இல் தொடங்கப்பட்டது" என்று எழுதக் கூடாது. "1908-இல் இயங்கிவந்தது" என்பதற்கு மட்டுமே அந்த ஆவணம் சாட்சி.

பழைய செய்தித்தாள்களில் தேடுவோர் முதலில் ஏமாறுவது பெயரால். 1922-இல்தான் வடக்கு யூனியன் ரக்பி ஃபுட்பால் லீக் என்று பெயர் மாறியது. எனவே அதற்கு முந்தைய இதழ்களில் "ரக்பி லீக்" என்று தேடினால் பயனில்லை. வடக்கு யூனியன் என்றோ வெறுமனே ஃபுட்பால் என்றோ தேட வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலில் "ஏ. என். அதர்" என்ற பெயர் அடிக்கடி தென்பட்டால், அவர் அணியின் தூண் என்று மயங்க வேண்டாம், அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆள் முடிவாகாத இடத்தை நிரப்ப ஆங்கிலச் செய்தித்தாள்கள் இட்ட பெயர் அது. சொந்தப் பெயரை மறைத்து ஆடியவர்களும் இருந்தனர்: ரக்பி லீக் ஆடியவருக்கு ரக்பி யூனியன் நெடுங்காலம் கதவடைத்திருந்தது. 1995 ஆகஸ்டில் யூனியன் தொழில்முறை ஆட்டத்தை ஏற்கும்வரை அந்தப் பிளவின் நிழல் நீடித்தது.

ஆட்டப் புள்ளிகளைச் சரிபார்க்க விதிகளின் வரலாறே உரைகல். 1897 முதல் எல்லா வகைக் கோலுக்கும் (கோல் கம்பங்களின் குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்தை உதைப்பது) 2 புள்ளிகள். பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் டிராப் கோல் 1974-இல் 1 புள்ளியாகக் குறைந்தது. 3 புள்ளிகளாக இருந்த ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) 1983-இல் 4 ஆயிற்று. 1965-இல் நான்கு ட்ரையும் இரண்டு கோலும் அடித்த அணிக்கு 16 புள்ளிகளே வரும். நினைவுக் குறிப்பு 20 என்று சொன்னால், யாரோ இன்றைய கணக்கைப் பழைய ஆட்டத்தின்மேல் ஏற்றியிருக்கிறார். அதேபோல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்ற விதி 1906-இல் வந்தது. அதற்கு முந்தைய குழுப் படத்தில் பதினைந்து பேர் இருந்தால், இருவரை மாற்று ஆட்டக்காரர் என்று எழுதிவிட வேண்டாம்.

நிர்வாக மாற்றங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் தவறவிடலாகாது. அமெச்சூர் ஆட்டம் தேய்ந்துவருகிறது, தலைமை அமைப்பு அதைக் கவனிப்பதில்லை என்ற குறையின் விளைவாக 1973-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பார்லா என்ற அமெச்சூர் சங்கம் பிறந்தது. 1986-இல் தேசிய அளவிலான அமெச்சூர் லீக் தொடங்கியது. அதன் வழிவந்த நேஷனல் கான்ஃபரன்ஸ் லீக் 2012-இல், இரண்டு ஆண்டுகளைத் தொடும் குளிர்காலப் பருவத்திலிருந்து கோடைப் பருவத்துக்கு மாறியது. ஆனால் எல்லா லீகுகளும் ஒரே ஆண்டில் மாறவில்லை. ஆகவே "1985–86" போன்ற இரட்டை ஆண்டுக் குறிப்பு உங்கள் கழகத்தில் எந்தப் பருவத்தோடு முடிகிறது என்பதை ஆட்ட அட்டவணையைப் பார்த்தே தீர்மானியுங்கள்.

முதியவர்களிடம் பேசப் போகும்போது கேள்விப் பட்டியலைவிடக் குழுப் படம் ஒன்றே அதிகம் பேசவைக்கும். இடமிருந்து வலமாகப் பெயர் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் தனியே கேட்டுப் பாருங்கள். ஆடியவர்களோடு நிறுத்திவிடாமல், சட்டை துவைத்தவர்கள், ஆட்டத்துக்குப் பின் உணவு தயாரித்தவர்கள், சீட்டு விற்றுப் பணம் திரட்டியவர்கள் ஆகியோரிடமும் கேட்க வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், கழக ஏட்டில் அவர்கள் பெயர் அரிதாகவே இருக்கும். சுரங்க ஊர்க் கழகமாயின் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்காமல் வராதீர்கள். ஆனால் அந்தக் காயம் பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. உயிரோடிருப்பவர் பெயரோடு எதையும் வெளியிடுமுன் அவரிடம் அனுமதி பெறுங்கள்.

திரட்டிய தாள்களை ஒரே வீட்டுப் பரணில் வைப்பது ஆபத்து. செயலாளர் மாறும்போது காணாமல் போனவை ஏராளம். படங்களின் பின்புறம் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் குறித்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துகொண்டு, மூல ஏடுகளை உள்ளூர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஹெரிடேஜ் கீ காப்பகத்தில் ரக்பி லீக் ஆவணத் தொகுப்பு இருக்கிறது. ஒப்படைக்குமுன் அங்கும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.