வங்க மொழி உச்சரிப்பு: தமிழ் நாக்கு வழுக்கும் இடங்கள்

வங்க மொழியில் பாதி நமக்குத் தெரிந்த வடசொல்தானே என்ற தைரியத்தில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. விவேகானந்தர், விஞ்ஞானம், லட்சுமி எல்லாம் எழுத்தில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வாயில் வரும்போது பி³பே³கானொந்தோ³, பி³க்³கா³ன், லொக்கி² ஆகிவிடும். (சுலோகப் புத்தக வழக்கப்படி எண் போட்டிருக்கிறோம்: சாதாரண க, மூச்சு சேர்ந்த க², கணபதியின் க³, அதனோடு மூச்சு சேர்ந்த க⁴. எண் இல்லாத எழுத்து சொல் நடுவிலும் வல்லோசையே.)

அந்தக் கடைசிக் குறிப்பில்தான் தமிழருக்குப் பெரிய சிக்கல். தமிழில் வல்லினம் இரண்டு உயிர்களுக்கு நடுவிலோ மெல்லினத்துக்குப் பின்னாலோ வந்தால் நாம் கேட்காமலே மெலிந்துவிடும். வங்கத்தில் மெலியக் கூடாது. 'பாகா' என்றால் பழுத்தது. இதன் 'கா', 'அக்கா'வில் வரும் 'கா'. அதைப் பிடிக்கிறேன் என்று 'பாக்கா' என அழுத்தினால் அதுவும் தவறு, 'உறுதியான' என்ற வேறு சொல் அது. 'அக்கா' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு ஒட்டி நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒட்டியதும் விடுபடும் நிலை வந்தால், அதுதான் வேண்டிய ஒலி. வசந்தத்தை 'பொ³ஷொந்தோ' என்னும்போதும் அப்படியே: ந்-க்குப் பின்னால் 'பத்து'வின் த, 'பந்து'வின் த அல்ல.

இந்தப் பழக்கம் ட-வில் இரட்டை வேலை செய்கிறது. குண்டானவர் 'மோடா', பிரம்பு முக்காலியும் தமிழில் எழுதினால் 'மோடா'. முன்னதில் 'பாட்டு'வின் ட், ஒற்றையாக. பின்னதில் நம் 'வடை'யில் நாக்கு மேலண்ணத்தைத் தட்டிவிட்டுப் போகிற அதே ட. பின்னது வங்க எழுத்தில் அடியில் புள்ளி வைத்து வரும். இந்த ஒலி தமிழருக்குப் பிறவியிலேயே வாய்த்தது. ஆனால் ஆங்கில எழுத்தில் இதை ர-வாகப் போடுவதைப் பார்த்து, வீடு என்ற சொல்லை 'பா³ரி' என்று படித்துக் கெடுக்கிறோம். 'பா³ரி' தண்ணீருக்கான இலக்கியச் சொல். வங்கதேசத்தில் பலர் இரண்டையும் ர-வாகவே பேசுவார்கள். அது அவர்கள் வழக்கு. கற்கிறவர் முதலில் இரண்டையும் பிரித்துப் பழகுவது நல்லது.

மூச்சொலியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். 'தாலா' பூட்டு, 'தா²லா' தட்டு. 'தா³ன்' கொடை, 'தா⁴ன்' நெல். சாப்பாட்டுக் கடையில் 'பா⁴த்' கேட்டால் சோறு. மூச்சை விழுங்கி 'பா³த்' என்றால் மூட்டுவாதம். 'நல்லது' என்பதற்கான 'பா⁴லோ'வில் மூச்சும் போய்க் கடைசி உயிரும் தேய்ந்தால் கெட்ட வார்த்தையாகவே விழும். வாய்க்கு முன்னால் இரண்டு விரற்கடை தள்ளி மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு 'தா²லா' சொல்லுங்கள். தாள் அசைய வேண்டும், 'தாலா'வுக்கு அசையக் கூடாது. 'பஹாத்' என்று நடுவே தனி அசை போட்டுச் சமாளிப்பது வேண்டாம். உதடு திறக்கும்போதே மூச்சும் வெளியேற வேண்டும்.

உயிரெழுத்துக்கு வருவோம். மெய்யோடு ஒட்டி வரும் உயிர் இங்கே 'அ' அல்ல. ஜலம் 'ஜொல்' ஆகும். அந்த ஒ, 'போன் கால்' என்னும்போது ஆங்கிலம் பழகியவர் வாயில் வரும் அகன்ற உயிர், குறுக்கிச் சொன்னது. அடுத்த அசையில் இ, உ வந்தால் அது நம் 'ஒன்று'வின் ஒ-வாக இறுகும். 'செய்கிறான்' என்ற 'கொரே'யில் அகன்ற ஒ, 'செய்கிறேன்' என்ற 'கொரி'யில் இறுகிய ஒ. கொல்கத்தா என்னும்போது முதல் ஒ இறுகி வருவதும் இதனால்தான்: பழைய பெயர் கொலிகாதா, இடையிலிருந்த இ மறைந்தும் அதன் வேலை நிற்கிறது. எ-வும் இதே கணக்கு. பார்ப்பதைக் குறிக்கும் 'தே³கா²'வில் 'மேட்ச்' என்னும்போது வரும் அகன்ற உயிர். 'தே³கி²' என்றால் சாதாரண எ. குறில் நெடில் வேறுபாட்டைத் தமிழ்க் கண்டிப்போடு காட்ட வேண்டாம். இரண்டு இ, இரண்டு உ எழுத்துகள் உண்டு, ஒலி ஒன்றுதான்.

சந்திரபிந்து (எழுத்தின் மேல் பிறையும் புள்ளியுமாக வரும் மூக்கொலிக் குறி) போட்ட உயிரில் ந், ஞ் சேர்க்காதீர்கள். ஐந்தை 'பாஞ்ச்' என்பது நம் கைவரிசை. ஆ சொல்லும்போதே காற்றை மூக்கிலும் விட வேண்டும். ச் வரும்வரை நாக்கு எங்கும் தொடக் கூடாது. 'காதா³' சேறு, அதே சொல்லை மூக்கோடு சொன்னால் அழுவது.

ச, ஷ, ஸ என்று மூன்று எழுத்து எழுதினாலும் பெரும்பாலும் ஷ மட்டுமே ஒலிக்கும். ஏழு 'ஷாத்'. 'ராஸ்தா', 'ஸ்நான்' போல த, ந ஒட்டிய கூட்டெழுத்தில் ஸ வரும். ண-வும் ந-தான்: பிராணன் 'ப்ரான்'. வ ஒலியே கிடையாது, ப³ போடுங்கள். தேநீர் 'சா'வின் ச, 'பச்சை'யின் ச்ச. 'சாமி' என்று நாம் மெலிதாகச் சொல்லும் ச அல்ல.

கூட்டெழுத்துகளில் எழுத்தை ஒவ்வொன்றாக வாசிப்பவர் மாட்டிக்கொள்வார். சொல் நடுவில் ய, வ, ம இரண்டாவதாக வந்தால் பெரும்பாலும் அது மறைந்து முன்னெழுத்து இரட்டிக்கும். சத்தியம் 'ஷொத்தோ', விசுவம் 'பி³ஷ்ஷோ', பத்மா நதி 'பொத்³தா³'. சொல் முதலில் இரட்டிப்பும் கிடையாது, சுவாமி வெறும் 'ஷாமி'. க்ஷ நடுவில் 'க்க²', முதலில் 'க²': கல்வி 'ஷிக்கா²', மன்னிப்பு 'கொ²மா'. இந்த எழுத்துகளுக்கு மட்டும் தனி அட்டை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் வங்கச் செய்தி வாசிப்பில் ஒருமுறை காதால் கேட்ட பிறகே வாயில் எடுங்கள்.