ஒரு கிளாஸ் என்றால் எத்தனை கிராம்? மது, மார்பகப் புற்றுநோய் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மது மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமாகுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுநாளாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது. மார்பகத்துக்கும் அது பொருந்தும் என்று 2007இல் முடிவு செய்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பெண்களிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருபவர் "தொடர்பு உண்டா?" என்று மறுபடி தொடங்கினால் வருடங்கள்தான் வீணாகும். எந்த வயதில், எவ்வளவு குடித்தார்கள், அதை எப்படி அளப்பது என்பதில்தான் வேலை மிச்சமிருக்கிறது. ஆய்வேடுகள் சறுக்குவதும் அந்த அளவில்தான்.

"வாரத்துக்கு எத்தனை கிளாஸ்?" என்ற கேள்வியை வெளிநாட்டுக் கேள்வித்தாளிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம் எத்தனால். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் 14 கிராம். எல்லாவற்றையும் கிராமாக மாற்றிக்கொள்ளுங்கள்: மில்லிலிட்டரை மதுச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.789ஆல் பெருக்க வேண்டும். 5 சதவீத பியர் 340 மி.லி. என்றால் 13.4 கிராம். அதுவே 750 மி.லி. பாட்டில் என்றால் 29.6. 43 சதவீத பிராந்தியோ கேன் ஸ்பிரிட்டோ (கரும்புச் சாராயம்) 25 மி.லி. டாட், அதாவது அளந்து ஊற்றும் ஒரு சிறு அளவு, ஒன்றுக்கு 8.5.

ஆனால் வீட்டில் யாரும் டாட் அளந்து ஊற்றுவதில்லை. அவர் வழக்கமாகக் குடிக்கும் கிளாஸையே எடுத்துவரச் சொல்லுங்கள். கோக் சேர்ப்பதற்கு முன் எவ்வளவு ஊற்றுவாரோ அவ்வளவு தண்ணீரை அதில் ஊற்றச் சொல்லி, அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். 60 மி.லி. வந்தால் அது 20.4 கிராம். நீங்கள் "ஒரு டாட்" என்று குறித்திருந்தால் பாதிக்கும் குறைவாகக் குறித்திருப்பீர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. "கடந்த 30 நாளில் குடித்தீர்களா?" என்று புரட்டாசி முடியும் சமயத்தில் கேட்டால் என்ன விடை வரும்? பல வீடுகளில் அந்த மாதம் கறியும் மதுவும் கிடையாது. காவடி விரத நாட்களும் அப்படித்தான். டிசம்பர் விடுமுறையில் கேட்டால் கணக்கு மறுபக்கம் சாயும். 12 மாதத்துக்குக் கேளுங்கள். அதோடு வயதுவாரியாகவும், குறிப்பாக முதல் பிரசவத்துக்கு முன்பும் பின்பும், பிரித்துக் கேளுங்கள். மாமியாரோ கணவரோ கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவே வேண்டாம். அப்போது வரும் "இல்லை"யை நம்ப முடியாது.

அந்த "இல்லை"க்குள்ளேயே இரண்டு கூட்டம் உண்டு. பிறந்ததிலிருந்து தொடாதவர் ஒருவர். உடம்புக்கு முடியாமல் விட்டவர் இன்னொருவர். இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டால் குடிக்காதவர்களின் அபாயம் பொய்யாக உயர்ந்து, கொஞ்சம் குடிப்பது நல்லது போலத் தோன்றும். ஒப்பீட்டுக் குழுவை மருத்துவமனையிலிருந்து எடுப்பவர்கள் கல்லீரல் நோய், விபத்து வார்டுகளைத் தவிர்க்க வேண்டும். அங்கே மது ஏற்கெனவே கூடுதலாக இருக்கும், உங்கள் தொடர்பு கரைந்துபோகும்.

"ஆசியர்" என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசுப் படிவத்தில் நாம் "இந்தியர் அல்லது ஆசியர்". தமிழர் என்று தனிக் கட்டம் இல்லை. அதனால் ஜப்பான், கொரிய முடிவுகளை நம் மேல் ஏற்றிவிடுகிறார்கள். மது உடலில் மாறி உருவாகும் அசிட்டால்டிஹைட் என்ற நச்சைச் சிதைக்கும் நொதியைப் பலவீனமாக்கும் மரபணு மாற்றம் கிழக்காசியாவில் பரவலானது, இந்திய வம்சாவளியினரிடம் அரிது. ஃபோலேட் என்ற பி வைட்டமின் மதுவின் பாதிப்பைக் குறைக்குமா என்பது பற்றிய பழைய வெளிநாட்டு முடிவுகளையும் அப்படியே எடுக்க முடியாது: தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் சோளமாவிலும் கோதுமை மாவிலும் அதன் செயற்கை வடிவமான ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம்.

புள்ளியியலில் எந்தெந்தக் காரணிகளின் தாக்கத்தைக் கழித்துச் சரிக்கட்டுவது என்பதில் நிதானம் தேவை. புகைபிடித்தல், உடல் எடை, பிரசவ எண்ணிக்கை, ஹார்மோன் மாத்திரை எல்லாம் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் அளவையும் மார்பக அடர்த்தியையும் சேர்க்காதீர்கள். மது வேலை செய்யும் வழியிலேயே அவை இருக்கக்கூடும், வழியை அடைத்துவிட்டு விளைவைத் தேடக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவகம் 1986இல் தொடங்கியது. ஆய்வகத்தில் திசு பார்த்து உறுதியான நோயாளிகள்தான் அதன் அடிப்படை. திசு எடுக்காமலே இறந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அந்த எண்ணை முழு நிகழ்வு வீதம், அதாவது புதிதாக நோய் வரும் எல்லோரின் கணக்கு, என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

முடிவை எழுதும்போது வெறும் சதவீதத்தோடு விட்டுவிடாதீர்கள். 53 ஆய்வுகளிலிருந்து, மார்பகப் புற்றுநோய் வந்த 58,515 பெண்களின் தரவைத் திரட்டி 2002இல் வெளியான பகுப்பாய்வில், தினம் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் அபாயம் 7.1 சதவீதம் உயர்ந்தது. பங்கேற்ற அம்மாவிடம் அதைச் சொன்னால் நூற்றில் ஏழு பேருக்குக் கூடுதலாக நோய் வரும் என்றே நினைப்பார். அதே ஆய்வு, வளர்ந்த நாடுகளின் கணக்காக, 80 வயதுக்குள் குடிக்காத நூறு பெண்களில் 8.8 பேருக்கும், தினம் ஒரு டிரிங்க் (அந்த ஆய்வில் சுமார் 10 கிராம்) குடிப்பவர்களில் 9.4 பேருக்கும், இரண்டு குடிப்பவர்களில் 10.1 பேருக்கும் நோய் வரும் என்கிறது. அவரிடம் சொல்ல வேண்டியது இப்படி. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு அடிப்படை வீதம் வேறு என்பதால், 8.8 இருக்கும் இடத்தில் இந்த ஊர்க் கணக்கை வைத்துத்தான் மீதியைப் போட வேண்டும்.