ஒன்றாம் வகுப்பு ஆங்கிலம்: நாலு கோடு நோட்டைத் திறக்கும் முன்

ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, ஒன்றாம் வகுப்பில் நாலு கோடு நோட்டு வந்துவிடும். கரும்பலகையில் கேபிடல் ஏ, பி, சி, நோட்டில் ஒவ்வொன்றும் இருபது தடவை. பென்சிலை இன்னும் கை முழுக்க இறுக்கிப் பிடிக்கிற பிள்ளை, விரல் வலிக்க எழுதி முடித்து நோட்டை நீட்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் நடத்தினேன். டிசம்பரில், 26 எழுத்தையும் அழகாக எழுதத் தெரிந்த ஒரு பெண் பிள்ளையிடம் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். "எம், ஏ, டி" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பாய் என்று பொருள்படும் 'மேட்' அது. அவள் மேல் தப்பே இல்லை, எழுத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுத்த நான் ஒலியைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

இதுதான் பெரிய தவறு, மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 'எம்' என்பது பெயர், சொல்லுக்குள் அது தருவது 'ம்'. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ ஏறக்குறைய 44. பூனைக்கான கேட், சாப்பிடுகிற கேக், ஓடுகிற கார், பந்துக்கான பால், நான்கிலும் இரண்டாவது எழுத்து ஏதான், ஒலி நான்கு விதம். இதையெல்லாம் ஆறு வயசுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், பூனையில் வருகிற ஒலி ஒன்று மட்டும் முதலில் போதும். அந்த ஒலி தமிழில் இல்லை, 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் வாயை அகலமாகத் திறந்து சொல்ல வேண்டும், பிள்ளைகள் நம் வாயைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள்.

சரி, ஒலியைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று இறங்குகிறவர்கள் அடுத்த இடத்தில் சறுக்குகிறார்கள். 'ம, ன, ஸ' என்று எல்லாவற்றிலும் ஓர் அகரத்தை ஒட்டிவிடுகிறார்கள். 'ம-ஏ-ட' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் சொல் வராது. இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது, புள்ளி. காலையில் தமிழ் வகுப்பில் 'ம்' கூட 'ஆ' சேர்த்தால் 'மா' என்று படித்த அதே பிள்ளைதான் மதியம் ஆங்கிலத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. மெய்யும் உயிரும் சேருகிற கணக்கு அதற்குத் தெரியும், அதையே இங்கேயும் நடத்தலாம். உதட்டை மூடி 'ம்ம்ம்', பல்லைச் சேர்த்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள், சேர்த்துச் சொல்ல எளிது.

ஏ முதல் இசட் வரை வரிசையாகத்தான் போக வேண்டும் என்பதும் நாமே போட்டுக்கொண்ட விலங்கு. ஏ, பி, சி, டி நான்கையும் படித்தால் எத்தனை சொல் அமையும்? எஸ், ஏ, டீயின் டி, பேனாவின் பி, ஐ, என், இந்த ஆறை முதலில் கொடுத்தால் பின், டின், சிட், எறும்புக்கான ஆன்ட் எல்லாம் வந்துவிடும், மூன்றாவது வாரமே பிள்ளை சொல் வாசிக்கும். அதேபோல, புத்தகத்தில் நிறைந்திருப்பவை சிறிய எழுத்துகள், அவற்றை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பெரிய எழுத்தையே எழுத வைப்பானேன்? வயிறு இடமும் வலமும் மாறிக் குழப்புகிற b, d என்ற இரண்டு சிறிய எழுத்துகளை மட்டும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள்.

ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பன்றிக்கும் 'பிக்', பெரியதற்கும் 'பிக்' என்றுதான் எழுத முடிகிறது. ஆனால் எழுத்தில் இல்லாத வேறுபாடு பிள்ளையின் நாக்கில் இருக்கிறது. 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் 'ப' ஒன்று, இரண்டாவது வேறு. பன்றிக்கு முதல் 'ப', பெரியதற்கு இரண்டாவது. தங்கத்தில் வரும் 'க', வண்டியில் வரும் 'டி' என்று இப்படியே நிறையக் காட்டலாம். பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் கப்பை 'கப்பு' என்றும் இழுப்பது நம் நாக்கின் வழக்கம், அதற்காகத் திட்டாமல் நாம் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்.

வாசிப்புக்கு முன்னால் காதுக்கு நிறைய வேலை கொடுக்க வேண்டும். பேக், ஸ்கேல், லைட், சைக்கிள், பிஸ்கட், எத்தனை சொல்லோடு வருகிறார்கள் இந்தப் பிள்ளைகள்! 'டச் யுவர் பேக்', 'ஓப்பன் த டோர்' என்று சொல்லி, நாமும் சேர்ந்து செய்து காட்டினால் பத்து நிமிடத்தில் வகுப்பே எழுந்து ஓடும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உடல் அசைவோடு மொழி கற்பிக்கும் இந்த வழியைத்தான் பரப்பினார். வாயே திறக்காத பிள்ளைகூடச் சரியாகக் கதவைத் தொடும், அதற்குப் புரிகிறது என்று அர்த்தம். பேசு பேசு என்று நெருக்க வேண்டாம்.

'டாக்னா நாய்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கத்த வைத்தால், பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்காமல் தமிழ் வரும் வரை காத்திருக்கும். அதற்காகத் தமிழே பேசக் கூடாது என்று சட்டம் போடுவது அதைவிடக் கொடுமை. தமிழில் பேசியதற்காக ஒரு பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கிற காட்சியை என்னால் பார்க்கவே முடியாது. விளையாட்டின் விதியை, கதையின் முடிச்சைத் தமிழில் சொல்லிவிடுங்கள், அப்புறம் ஆங்கிலம் பயமில்லாமல் உள்ளே போகும். 'மிஸ், மீ வாட்டர்' என்று ஒரு பையன் கேட்டால், பேச்சை நிறுத்தித் திருத்தாமல் 'யூ வான்ட் வாட்டர்? கோ அண்ட் டிரிங்க்' என்று அனுப்புங்கள். சரியான வாக்கியமும் அவன் காதில் விழுந்துவிட்டது, தாகமும் தீர்ந்தது.

வகுப்பே சேர்ந்து கத்துவதை நம்பாதீர்கள், அந்தச் சத்தத்தில் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததில் எனக்குப் பிடித்த விஷயம், யார் எங்கே நிற்கிறார் என்று தனித்தனியாகப் பார்க்க வைத்தது. ஒருநாளைக்கு ஐந்து பேர் என்று கூப்பிட்டுக் கேட்டாலே ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

"நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர்" என்று வருகிற அம்மாக்களிடம் இப்போது நான் நோட்டைக் காட்டுவதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, மூன்று எழுத்து அட்டைகளைப் பலகையில் வைத்து, வாசிக்கச் சொல்கிறேன். கூடவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், விருந்தாளி முன்னால் நிறுத்தி 'வாட் இஸ் யுவர் நேம்' சொல்லச் சொல்லாதீர்கள், அதற்குப் பதில் ராத்திரி ஐந்து நிமிடம் வீட்டில் இருக்கிற சோப்பு டப்பாவிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள்.