ரஸ்டில் ஆளில்லாத பேஸைப் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் வீடு (பேஸ்) என்றால் டூல் கப்போர்டுதான். சுருக்கமாக டிசி: அங்கே யார் கட்டலாம் என்பதை முடிவு செய்யும், வீட்டின் பராமரிப்புக்கான பொருளைப் போட்டு வைக்கும் அலமாரி. டிசி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பேஸ் சொந்தம்; கதவு, சுவர், பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு. கைவிட்ட பேஸைப் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்து கதவை உடைப்பதிலும் பெட்டியைத் துழாவுவதிலுமே குறியாக இருக்கிறார்கள்.

இருட்டாக இருந்தால் ஆளில்லை என்று நினைப்பது

விளக்கு எரியவில்லை, இரண்டு நாளாக யாரும் வெளியே வரவில்லை என்பதெல்லாம் சாட்சி ஆகாது. டிசியை நிரப்பிவிட்டுப் போனவர் பல நாள் கழித்தும் திரும்பி வரலாம். அதுவரை அவருடைய சுவர்கள் அப்படியே நிற்கும்.

நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. சுத்தியலைக் கையில் எடுத்து வெளிச்சுவரைப் பாருங்கள், அதன் ஹெல்த் (மீதமிருக்கும் பலம்) தெரியும். முழுக் கல்சுவருக்கு 500. இப்போது 320 என்று காட்டினால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். யாராவது ரெய்டு செய்து, அதாவது வீட்டைத் தாக்கி, பாதியில் விட்டிருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள். டிகே, அதாவது டிசி காலியான வீடு அழுகுவது, தண்ணீர் சொட்டுவதுபோலத் தொடர்ந்து நடப்பதில்லை, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெட்டாக விழும். மூன்று நிமிடம் பார்த்துவிட்டு "எண் மாறவில்லையே" என்று நடையைக் கட்டுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 20 நிமிடம் கொடுங்கள். 320 என்பது 303 ஆகி, பிறகு 287 பக்கம் வந்தால் டிசி காலி, வீடு அழுகிக்கொண்டிருக்கிறது. எண் ஏறினால் கதையே வேறு: டிசியில் பொருள் இருக்கும்போது அடிபட்ட சுவர் தானாகவே ஆறும். அது உயிருள்ள வீடு.

அடித்தளத்தைப் பார்க்காமல் நேரக் கணக்குப் போடுவது

முழு ஹெல்த்திலிருந்து விழ ட்விக்குக்கு (ஆரம்பக் குச்சிக் கட்டு) 1 மணி நேரம், மரத்துக்கு 3, கல்லுக்கு 5, இரும்புத் தகட்டுக்கு 8, ஆர்மர்டுக்கு (உச்சக் கவசச் சுவர்) 12. இது சாதாரண சர்வர் கணக்கு. மாட் செய்த (விதிகளை மாற்றிய) சர்வர்களில் டிகே வேகத்தை மாற்றி வைத்திருப்பார்கள், சில இடங்களில் அடியோடு நிறுத்தியும் வைத்திருப்பார்கள்.

சுவர் கல், ஆகவே ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று சிலர் சாவகாசமாகக் கிளம்பிவிடுவார்கள். கீழே அடித்தளம் மரமாக இருந்தால் மூன்றாவது மணி நேரத்தில் அது போகும். அதை நம்பி நின்ற கல்சுவரும் மேல்தளமும் கூடவே சரியும். லூட் (உள்ளே இருக்கும் பொருள்) மட்டும் போதும் என்பவர் சரிவுக்காகக் காத்திருக்கலாம், ஆனால் அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஓடி வருவார்கள். வீடே வேண்டும் என்றால் அடித்தளம் விழும் முன் டிசியை அடைந்தாக வேண்டும்.

அதற்காகப் பார்த்த உடனே வெடி வைப்பதும் வீண். புதுக் கல்சுவருக்கு 10 சாட்செல் (பை வெடிகுண்டு) வேண்டும். அதே சுவர் அழுகி 50 ஹெல்த்துக்கு வந்த பிறகு ஒன்றே போதும். சாட்செல் சில சமயம் வெடிக்காமல் புஸ்ஸென்று போகும் என்பதால் கையில் இன்னொன்று இருக்கட்டும்.

டிசியை உடைத்துவிட்டு அதன் பிறகு யோசிப்பது

பூட்டாத டிசி கிடைத்தால் அதை உடைக்கவே கூடாது. முதலில் அனுமதிப் பட்டியலை அழித்துவிட்டு, அடுத்ததாக உங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் நீங்களும் சேர்ந்தே அழிந்துபோவீர்கள். அடுத்த வேலை உங்கள் கோட் லாக்கை (எண் பூட்டு) அதில் மாட்டுவது. அதற்கு 100 மெட்டல் ஃபிராக்மென்ட் ஆகும். அங்கே போய்த் தேடாமல் முன்பே செய்து எடுத்துப் போங்கள்.

பூட்டிய டிசி என்றால் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் உடைக்கும்போது உங்கள் புது டிசி, அதாவது 1,000 மரம், ஏற்கெனவே செய்து பையில் இருக்க வேண்டும். பழையது உடைந்து புதியது வைக்கப்படும் வரை வீடு யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் பின்னாலேயே பதுங்கி வந்தவன் தன் டிசியை வைத்துவிட்டால் நீங்கள் செலவழித்த வெடியெல்லாம் அவனுக்குச் சீதனம்.

டிசி உங்களுடையதாக ஆன பிறகும் வீட்டின் ஒரு பக்கத்தில் கட்ட முடியவில்லை என்று திரையில் வந்தால் குழம்ப வேண்டாம். பழைய ஆள் வெளியே தனி அடித்தளத்தில் இன்னொரு டிசி வைத்திருப்பார். சுற்றி வந்து அதையும் தேடிப் பிடியுங்கள்.

பழைய ஆளை உள்ளேயே விட்டு வைப்பது

அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். சர்வரை விட்டு வெளியேறியவரின் உடல் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் கொன்றதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவர் மறுபடி சர்வருக்கு வந்ததும் எங்கே எழுவது என்று கேட்கும். உங்கள் புது வீட்டின் மூலையில் கிடக்கும் ஸ்லீப்பிங் பேக்கைத் தேர்வு செய்து, பூட்டிய கதவுக்கு உட்புறமாகவே எழுந்து நிற்பார். பரணில், பெட்டிக்குப் பின்னால், ஏணிக்குக் கீழே என்று ஒன்றுவிடாமல் பார்த்து எல்லா ஸ்லீப்பிங் பேக்கையும் கட்டிலையும் அழியுங்கள். பழைய கோட் லாக் எதையும் நம்பாதீர்கள். கதவையே மாற்றிப் புது லாக் போடுவது உத்தமம்.

பொறிகளில் ஒரு வித்தியாசம் உண்டு. ஷாட்கன் ட்ராப்பும் ஃப்ளேம் டரட்டும் டிசி அனுமதியைப் பார்த்துத்தான் சுடும், டிசி உங்களுடையதானால் அடங்கிவிடும். ஆட்டோ டரட்டுக்கு (தானியங்கித் துப்பாக்கி) யாரைச் சுடக் கூடாது என்ற தனிப் பட்டியல். டிசியைப் பிடித்த மகிழ்ச்சியில் அடுத்த அறைக்குள் நுழைந்தால் சல்லடையாகிவிடுவீர்கள். கூரையில் சோலார் பேனல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அதை உடைத்தாலும் பேட்டரி தீரும் வரை டரட் உயிரோடுதான் இருக்கும்.

அப்கீப் கணக்கைப் பார்க்காமல் குடியேறுவது

பெரிய வீடு கிடைத்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் 24 மணி நேர அப்கீப் (பராமரிப்புச் செலவு), கட்டிய செலவில் ஒரு பங்கு: முதல் 15 பிளாக்குக்கு (சுவர், தளம் போன்ற கட்டுத் துண்டு) 10 சதவீதம், அடுத்த கட்டங்களில் 15, 20 என்று ஏறி, கடைசியில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்று 300 கல் என்ற கணக்கில் 40 கல்சுவருக்கு நாளொன்றுக்கு 1,575 கல். 200 சுவருக்கோ பத்தாயிரத்துக்கும் மேல். பழைய ஆள் ஏன் ஓடினார் என்பதற்குப் பல நேரம் இதுவே பதில். தேவையில்லாத இறக்கைகளை இடித்துத் தள்ளுங்கள். அழுகிய சுவர்களைச் சுத்தியலால் அவசரமாகச் சீர் செய்யவும் வேண்டாம். டிசியை நிரப்பினால் விழுந்த அதே வேகத்தில் தானாக ஏறிவிடும்.

கடைசியாக, தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை கட்டாய வைப், அதாவது சர்வரில் கட்டியதெல்லாம் அழிக்கப்படும் நாள். நாளைக்கு அந்த வியாழன் என்றால் டிசியைத் தொடாமல் பெட்டிகளை மட்டும் காலி செய்துகொண்டு கிளம்புங்கள்.